அடையாள அட்டையில் உள்ளபடி

என் மனைவி வெள்ளிக்கிழமைகளில் பாடுவதை நிறுத்திவிட்டாள் என்று எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டுச் சிட்டி அம்மா. மலாக்காவில் காஜா பேராங்கில் இருக்கும் எங்கள் சந்தில், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர் வழிவந்த சிட்டிக் குடும்பங்கள் அதிகம். சாமி நம் சாமி, பூஜை நம் பூஜை, பேச்சு மட்டும் மலாய். அந்த அம்மாவுக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. கோயிலில் என் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவள் பாடுவதைக் காதில் வாங்கி அப்படியே திருப்பிப் பாடுவார். அதனால்தான் அவருக்கு முதலில் தெரிந்திருக்கிறது.

வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டே மலாயில் கேட்டார்: "உன் பெண்டாட்டிக்கு என்ன ஆச்சு? வாய் திறக்கிறாள், மூடுகிறாள், சத்தம் வரவில்லை. மீன் மாதிரி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே போய் அவளிடமே கேட்டேன். அவள் கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மீனுன்னா சொன்னாங்க? அந்தம்மாவுக்குக் காது மட்டும் நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு கீரையை வைத்துவிட்டு, "புத்தகத்துல எழுத்து தெரியலைங்க. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. முன்னால உக்காந்துக்கிட்டுத் தப்பா எடுத்துக் கொடுத்தா எல்லாரும் தப்பாப் பாடுவாங்க. அதான் வாயை மட்டும் அசைச்சேன். மத்தவங்க அவங்களாப் பாடிக்கிட்டாங்க."

எங்கள் கோயிலில் வெள்ளிக்கிழமை மாலையில் பெண்கள் கூடிப் பாடுவார்கள். ஒருவர் முன்னால் இருந்து அடி எடுத்துக் கொடுக்க வேண்டும். என் மனைவிதான் பல வருஷமாக அதைச் செய்து வந்தாள். அவள் சங்கீதம் படித்தவள் அல்ல. ஆனால் குரல் தடுமாறாது, அவசரப்படாது. நான் ஆண்கள் பக்கம் தூணோரம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன். அவள் முதல் அடியை எடுத்ததும்தான் எனக்கு அந்த வாரத்தின் பாரம் இறங்கும். இதை அவளிடம் சொன்னதில்லை. கடைசிச் சில வாரமாக வெள்ளிக்கிழமைகளில் வேலை இழுத்துவிட்டதால் நான் கோயிலுக்குப் போகவில்லை.

கண்ணில் புரை என்று ஆஸ்பத்திரியில் ஏற்கனவே சொல்லியிருந்தார்கள். இன்னும் முற்றவில்லை, முற்றட்டும், பிறகு எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரைக்கும் கண்ணாடி போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான்.

"வர்ற வெள்ளிக்கிழமை சொல்லிடப் போறேன்" என்றாள். "வேற யாராச்சும் முன்னால உக்காரட்டும்னு. திருவிழாவுக்கு முன்னாலயே சொல்லிட்டா அவங்களும் ஆளைப் பழக்கிக்குவாங்க."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு, ஆய்ந்து முடித்த கீரையை மறுபடி ஆய ஆரம்பித்தாள்.

நான் முதலில் செய்தது, பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போட்டோகாப்பிக் கடைக்குப் போனதுதான். பெரிதாக்கிக் கொடு என்றேன். கடைக்காரச் சீனர் பெரிதாக்கிக் கொடுத்தார். பழைய புத்தகம், மங்கிப்போன அச்சு. எழுத்து பெரிதானதோடு அதிலிருந்த கறையும் பெரிதானது. மெய்யெழுத்தின் மேல் உள்ள புள்ளி எது, ஈ உட்கார்ந்த புள்ளி எது என்று எனக்கே தெரியவில்லை.

அப்போதுதான் கம்பியூட்டர் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வீடு கம்பியூட்டர் வர ஆரம்பித்திருந்த காலம் அது. எங்கள் மகன் படிக்கும்போது வாங்கியது. அவன் வேலை கிடைத்துப் பினாங்குக்குப் போனபின், அவன் அம்மா தைத்துப் போட்ட உறைக்குள் பிரிண்டரோடு அது தூங்கிக்கொண்டிருந்தது. நான் எப்போதாவது சீட்டு விளையாடுவேன். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பேன். அதற்கும் எனக்கும் அவ்வளவுதான் பழக்கம். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்துவிட்டுக் குழாய் வேலைக்குப் போனவன்.

புக்கிட் காதிலில் எனக்குத் தெரிந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். சோதனைத் தாள்களைக் கம்பியூட்டரிலேயே தமிழில் அடிப்பார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். தமிழ் எழுத்து இருக்கும் சி.டி. ஒன்றும், எந்தக் கட்டையைத் தட்டினால் எந்த எழுத்து வரும் என்ற தாள் ஒன்றும் கொடுத்தார்.

"போட்டதும் அதுவே ஒவ்வொண்ணாக் கேக்கும். நீங்க பதில் சொல்லிக்கிட்டே போங்க, அண்ணே. என் வீட்டுல நல்லா ஓடுது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். சி.டி.யைப் போட்டேன். அது உள்ளே சுற்றும் சத்தம் கேட்டது. நல்ல நீல நிறத்தில் ஒரு திரை வந்தது. பெயர் என்ன என்று கேட்டது. அரசாங்கப் படிவங்களில் நாம் எழுதிப் பழகியிருக்கிறோமே, அடையாள அட்டையில் உள்ளபடி என்று, அதே மாதிரி என் பெயர், 'இன்னாரின் மகன்' என்பதற்கு மலாயில் போடும் ஏ/எல், என் அப்பா பெயர் என்று முழுதாக அடித்தேன். ஒரு விரலால்தான். நடுவில் வரும் சாய்ந்த கோடு எந்த மூலையில் இருக்கிறது என்று தேடிப் பிடிக்கவே நேரம் ஆகிவிட்டது.

பிறகு அது கேட்டதற்கெல்லாம் சரி, சரி என்று போனேன். ஒரு பட்டை கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பிக்கொண்டே வந்தது. முடியப்போகிற நேரத்தில் டங்கென்று ஒரு சத்தம். சிவப்பு வட்டத்துக்குள் பெருக்கல் குறி. இங்கிலீஷில் ஒரு வரி. நிரம்பிய பட்டை அப்படியே காலியானது.

மறுபடி போட்டேன். அதே இடம், அதே டங்.

மகனுடைய பழைய அகராதியை எடுத்து ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்தேன். பாதை கிடைக்கவில்லை என்று பொருள் வந்தது.

"என்னங்க சொல்லுது?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"பாதை கிடைக்கலையாம்."

"காலையில அவ்வளவு நேரம் சாமி கும்பிட்டவருக்கா?" என்றாள். "அப்ப எங்களுக்கெல்லாம் எங்க கிடைக்கப்போவுது."

சி.டி.யை வெளியே எடுத்தபோது அதை வைக்கும் தட்டின் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். தொட்டுப் பார்த்தால் காய்ந்த சந்தனம். ஆயுத பூஜைக்கு நான் வைத்தது. ஒரு பொட்டு திரைக்கு, ஒரு பொட்டு பெட்டிக்கு என்று வைத்தவன், இந்தத் தட்டின் வாயிலேயும் தாராளமாக அப்பியிருக்கிறேன். உதிர்ந்து உள்ளே போய்விட்டது போலிருக்கிறது. கும்பிட்டு வைத்த சந்தனமே அவள் பாட்டுக்குக் குறுக்கே வந்துவிட்டதா என்று நினைக்கும்போது மனது என்னவோ போல ஆகிவிட்டது.

பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்துச் சுரண்டினேன். பஞ்சால் துடைத்தேன். அவள் வந்து பார்த்துவிட்டு, "பல்லு விளக்கி விடுறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

துடைத்த பிறகும் அதே டங்.

ஆனால் குழாய் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் உடனே தரையைத் தோண்ட மாட்டோம். பக்கத்துக் குழாயைத் திறந்து பார்ப்போம். அதில் வந்தால் மெயின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அதனால் வீட்டில் இருந்த முருகன் பாட்டு சி.டி. ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். தங்குதடை இல்லாமல் பாடியது. முழுதாக ஒரு பாட்டைக் கேட்டேன். தட்டில் குற்றம் இல்லை, சந்தனத்தின் மேலும் குற்றம் இல்லை. அப்பனே என்று கையெடுத்துக் கும்பிட்டேன். காரியம் நடக்கவில்லைதான். ஆனாலும் பாதி வியாதி தீர்ந்த மாதிரி இருந்தது.

ஆசிரியருக்குப் போன் போட்டேன். உள்ளே இடம் இல்லாமல் இருக்கும், எதையாவது எடுத்துவிட்டுப் பாருங்கள் என்றார். எதை எடுப்பது? மகனுடைய சாமான் எல்லாம் உள்ளே இருக்கிறது. ஒன்றை எடுக்கப் போய் இன்னொன்று போய்விட்டால்? சாயங்காலம் அவனையே கூப்பிட்டேன்.

"தமிழ் சாப்ட்வேரா? உங்களுக்கு எதுக்குப்பா அது?" என்று சிரித்தான். "இடமெல்லாம் நிறைய இருக்கு. எதையும் தொடாதீங்க. தீபாவளிக்கு வரும்போது நான் போட்டுத் தர்றேன்."

"தீபாவளிக்கா? எனக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்டா."

"அப்படி என்னப்பா அவசரம்?"

சொன்னேன். கண், எழுத்து, வாயை மட்டும் அசைப்பது எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்மா பாடறது இல்லையா?" என்றான். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது அவள் மடியில் தூங்கிக்கொண்டே கேட்ட பாட்டுகள் அவை. "சரிப்பா. முதல்லேருந்து சொல்லுங்க. எதை அழுத்தினீங்க, என்ன அடிச்சீங்க, ஒண்ணு விடாம."

போன் கம்பியூட்டருக்குப் பக்கத்தில் இல்லை, கூடத்தில் இருந்தது. அதனால் என் மனைவி நடுவில் நின்றுகொண்டாள். நான் அறையிலிருந்து கத்துவேன், அவள் போனில் சொல்லுவாள், அவன் சொல்வதை எனக்குத் திருப்பிக் கத்துவாள்.

"நீல ஸ்கிரீன் வந்திருச்சாம்டா."

"அடுத்து என்ன கேக்குதுன்னு கேளும்மா."

"பேரு கேக்குதாம். அப்பா பேரை அடிக்கிறாரு. பொறு, அது ஆகும் ஒரு நாழி. ஏங்க, முடிஞ்சுதா?"

"கோட்டைத் தேடுறேன்!" என்று கத்தினேன்.

"கோட்டைத் தேடுறாராம்."

"என்ன கோடு?" என்று அவன் கேட்டது அறைக்குள் எனக்கே கேட்டது. பிறகு அவளிடம் என்னவோ சொன்னான். அவள் என்னை வந்து பேசச் சொன்னாள்.

"அப்பா, பேரை எப்படி அடிச்சீங்க?"

"ஐ.சி. அட்டையில இருக்கிற மாதிரிதான். பேரு, ஏ/எல், தாத்தா பேரு."

அவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கேலிச் சிரிப்பு இல்லை, தொலைந்தது கிடைத்துவிட்ட சிரிப்பு.

"அந்தக் கோடுதான்பா! கம்பியூட்டருக்கு அந்தக் கோடு வாசல்படி மாதிரி. கோட்டுக்கு முன்னால இருக்கிறது ஒரு ரூம், பின்னால இருக்கிறது அதுக்குள்ள இன்னொரு ரூம்னு நினைச்சுக்குது. அந்த சாப்ட்வேர் உங்க பேருல ஒரு ரூம் கட்டப் பாக்குது. நீங்க கோட்டைப் போட்டதும், உள்ளே தாத்தா ரூம் எங்கன்னு தேடுது. அப்படி ஒண்ணு இல்ல. அதான் பாதை கிடைக்கலைங்குது."

இவ்வளவையும் அவளிடம் திருப்பிச் சொன்னேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அப்ப மாமாவுக்கு ரூம் இல்லைங்குதா?" என்று கேட்டாள்.

போனிலும் சிரிப்பு, வீட்டிலும் சிரிப்பு.

"தாத்தா பேரை எடுத்துடுங்கப்பா. உங்க பேரு மட்டும் போதும்" என்றான் மகன்.

அறைக்குப் போய் உட்கார்ந்தேன். எடுப்பது சுலபம்தான், ஒரே கட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டினால் போயிற்று. ஆனால் கை வரவில்லை.

என் அப்பா ரோட்டுக்குத் தார் போடும் வேலை செய்தவர். நாடு சுதந்திரம் அடைந்து கொஞ்ச காலத்தில், எனக்கு வயது வந்ததும், அடையாள அட்டை எடுக்கக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கென்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அட்டை கையில் வந்ததும், அவருக்குப் படிக்கத் தெரியாது, என்னிடம் நீட்டினார். "என் பேரு எங்க இருக்கு, காட்டு" என்றார். அப்போது ஏ/எல் கிடையாது, இங்கிலீஷில் எஸ்/ஓ. நான் அந்தக் கோட்டைத் தாண்டி விரலை வைத்து, இந்தா இங்கே என்றேன். அவர் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "சரி, உன் பின்னாலேயே நிக்கிறேன்" என்று சொல்லி, எனக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். பிற்காலத்தில் எஸ்/ஓ போய் ஏ/எல் வந்தது. கோடு மட்டும் போகவில்லை, அதற்குப் பின்னால் நின்ற அப்பாவும் போகவில்லை. இப்போது ஒரு பெட்டி கேட்கிறது என்பதற்காக அவரை வெளியே நிறுத்துவதா?

நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவள் வாசலில் வந்து நின்றாள். இத்தனை வருஷம் ஒன்றாக இருந்தவளுக்குச் சொல்லவா வேண்டும்.

"கோயில்ல உபயக்காரங்க பலகையில உங்க பேரை எப்படி எழுதியிருக்காங்க?" என்று கேட்டாள்.

"எப்படி? முன்னெழுத்து போட்டு."

"யாரு எழுத்து அது?"

"அப்பாவோடது."

"அப்புறம் என்ன? நம்ம ஆளுங்க வழக்கம் அதுதானே. மாமா பின்னால நின்னு நின்னு கால் வலிச்சிருக்கும். முன்னால வந்து உக்காரட்டும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. போனைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்த மகனிடம் ஓடிப்போய்க் கேட்டேன், "டேய், புள்ளி வைக்கலாமா?"

"புள்ளி வைக்கலாம்பா. கோடுதான் ஆகாது."

அப்பாவின் எழுத்து, புள்ளி, என் பெயர். சரி என்று அழுத்தினேன். பட்டை நிரம்பியது. டங் கேட்கும் இடம் வந்தபோது இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அது பாட்டுக்கு அந்த இடத்தைத் தாண்டிப் போனது. முடிந்தது என்று சொல்லி, இன்னார் அவர்களே வருக என்று தமிழிலேயே என்னைக் கூப்பிட்டது. முன்னெழுத்தோடு.

"உள்ள போயிட்டாருடா!" என்று அவள் போனில் கத்தினாள். நானா, மாமாவா என்று சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து தினமும் அடித்தேன். கண்ணாடியை மூக்கில் இறக்கி விட்டுக்கொண்டு, ஒரு பக்கம் பாட்டுப் புத்தகம், ஒரு பக்கம் ஆசிரியர் கொடுத்த தாள். அ எங்கே, ங எங்கே என்று தேடித் தேடி. ஒரு தாளுக்கு நாலு அடிக்கு மேல் கொள்ளாதபடி எழுத்தைப் பெரிதாக்கினேன். முதல் தாள் வந்ததும் அவளிடம் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் போய்க் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள்.

"கடைப் பலகை மாதிரி இருக்கு" என்றாள்.

"தெரியுதா, தெரியலையா?"

"தெரியுதுங்க. புள்ளி கூடத் தெரியுது."

நான் வேறு பக்கம் திரும்பிப் பிரிண்டரில் தாளைச் சரிசெய்தேன்.

வெள்ளிக்கிழமை நாங்கள் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. தாள்களை நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். நான் வழக்கம்போல் தூணோரம் உட்கார்ந்தேன். கண்ணை மூட மனம் வரவில்லை. தீபாராதனை முடிந்து பெண்கள் உட்கார்ந்தார்கள். அவள் முன்னால் போய் உட்கார்ந்து, மடியில் தாள்களை அடுக்கிக்கொண்டாள். முதல் தாளைத் தூக்கினாள். கொஞ்சம் தாமதித்தாள்.

பிறகு எடுத்தாள் பாருங்கள், அந்த முதல் அடியை! பழைய குரல். தடுமாற்றம் இல்லை. எல்லாரும் பின்னாலேயே வந்தார்கள். சிட்டி அம்மா தலையை ஆட்டிக்கொண்டே உரக்கப் பாடினார். அவர் குரலுக்குச் சுருதி கொஞ்சம் அப்படி இப்படித்தான், இருந்தாலும் அன்றைக்கு அது எனக்கு இனித்தது.

முடிந்ததும் பிரசாதம் வாங்கக்கூடப் போகாமல் நாலைந்து பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். தாளைக் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். ஒரு அம்மா என் பக்கம் திரும்பி, "அண்ணே, எனக்கும் ஒரு செட் வேணும். நானும் ரொம்ப நாளா மீன்தான்" என்றார். சிட்டி அம்மா அந்தப் பேச்சை எல்லாரிடமும் பரப்பியிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. இன்னொருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, எனக்கும்தான் என்றார்.

வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நினைத்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. திருவிழாவுக்கு என்ன பாடுவது என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது சொன்னாள், "மூணாவது தாள்ல ஒரு அடியை விட்டுட்டீங்க."

எனக்குத் திக்கென்றது. அடுத்தடுத்த இரண்டு அடிகள் ஒரே சொல்லில் ஆரம்பிக்கும், கண் தாவியிருக்கிறது. "ஆனா நீ முழுசாத்தானே பாடினே? நான் கேட்டேனே!"

"பாடினேன். அதெல்லாம் மனப்பாடம்தானே."

நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். "மனப்பாடமா? அப்புறம் எதுக்கு இந்தத் தாளு? பாதை கிடைக்காம நான் பட்ட பாடு என்ன?"

"மனப்பாடம்தாங்க. ஆனா பார்க்க முடியலைன்னா, அடுத்த அடி வராமப் போயிடுமோன்னு ஒரு பயம். அந்தப் பயத்துல வந்த அடியும் போயிடுது. தாளு கையில இருந்தா, பார்க்கிறேனோ இல்லையோ, தன்னால வருது."

சொல்லிவிட்டு, மழைக்குப் பையைத் தலைக்கு மேல் பிடிக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள்.

சாப்பிட்டுவிட்டு மறுபடி கம்பியூட்டரின் உறையை எடுத்தேன். மற்ற பெண்களுக்கும் கொடுப்பதாக இருந்தால் அந்த அடியைச் சேர்த்துத்தானே கொடுக்க வேண்டும். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, புத்தகம் இல்லாமலே ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். நான் தேடித் தேடி அடித்தேன்.